பாட்டு முடிவதற்குள் ஒரு சுவர்

இசை விழா நடக்கும்போதே, கூடியிருப்பவர்களின் கண்ணெதிரில் ஓவியர்கள் சுவர்களிலும் பெரிய பலகைகளிலும் தீட்டுவது மேற்கத்திய நகரங்கள் பலவற்றில் விழாவின் வழக்கமான அங்கமாகிவிட்டது. கனடாவின் மாண்ட்ரியலில் ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் ‘மியூரல்’ விழா, அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகர மையத்தில் 2013இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 2008 முதல் நடந்துவரும் ‘அவுட்சைடு லேண்ட்ஸ்’ ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. ஒரு பக்கம் மேடையும் ஒலிபெருக்கியும். இன்னொரு பக்கம் சாரமும் வண்ண டப்பாக்களும்.

இரண்டும் சேர்ந்தே நடந்தாலும் பாடகரின் நேரம் வேறு, ஓவியரின் நேரம் வேறு. ஒரு குழு மேடையில் இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம். பல மாடி உயரச் சுவர் ஒன்றைத் தீட்டி முடிக்கப் பெரும்பாலும் ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரத்தை விழாவின் இரண்டு, மூன்று நாட்களுக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் ஏற்பாட்டாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் முன்னால் நிற்கும் முதல் சிக்கல். ‘நேரலை’ என்று விளம்பரம் செய்யப்படும் ஓவியங்களில் எவ்வளவு உண்மையில் நேரலை என்பதும் இதைப் பொறுத்ததே.

மேடையில் பார்வையாளர் முன்னிலையில் தீட்டும் பழக்கம் தெருவில் பிறந்ததல்ல. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் மாத்தியூ 1956 மே மாதத்தில், பாரிஸின் சாரா பெர்னார்ட் அரங்கில், ஏறத்தாழ 2,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, 4 மீட்டர் உயரமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட திரையை அரை மணி நேரத்துக்குள் தீட்டி முடித்தார். 1959இல் வியன்னாவில் அவர் மேடையில் தீட்டியபோது பியர் ஆன்ரியின் ஒலிக்கோவை பின்னணியில் ஒலித்தது. வித்தை காட்டுகிறார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அந்த முகச்சுளிப்பு இன்றைய விழா ஓவியர்களையும் விட்டபாடில்லை.

1981இல் ராக் மேடையிலும் இது நடந்தது. நியூயார்க்கின் சுரங்க ரயில் பெட்டிகளில் ஸ்ப்ரே அடித்துப் பெயர் வாங்கிய ஃப்யூச்சுரா 2000 என்ற ஓவியர், ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் குழு பாடப் பாட, அவர்களுக்குப் பின்னால் தொங்கிய திரையில் தீட்டினார். அடுத்த ஆண்டு ‘நியூயார்க் சிட்டி ராப் டூர்’ என்ற பயணத்தில் ஆஃப்ரிகா பம்பாட்டா போன்ற இசைக்காரர்களும் நடனக்காரர்களும் ஃப்யூச்சுரா, டோண்டி முதலிய ஓவியர்களும் ஒரே குழுவாகப் பிரான்ஸுக்கும் லண்டனுக்கும் போனார்கள். டிஜே, ராப், பிரேக் நடனம், கிராஃபிட்டி நான்கும் ஒரே ‘ஹிப் ஹாப்’ குடும்பம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேர்பிடித்ததில் இந்தப் பயணத்துக்குப் பெரிய பங்குண்டு. உள்ளபடி சொன்னால், அன்றைய ரயில் ஓவியர்கள் எல்லாரும் ராப் ரசிகர்கள் அல்ல. ராக் கேட்டபடி பெட்டி தீட்டியவர்களும் நிறைய. ஆனாலும் மேடையும் சுவரும் உறவு என்ற கதை நிலைத்துவிட்டது.

சில இடங்களில் ஓவியம் இசையை மிஞ்சியும் விட்டது. நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ‘நியூமியூசிக்’ என்ற மின்னணு இசை விழாவின் துணை நிகழ்ச்சியாக 2001இல் மார்ட்டின் ரீட் தொடங்கியது ‘நுஆர்ட்’. சில ஆண்டுகளில் அது தெரு ஓவியத்தின் பக்கம் முழுக்கச் சாய்ந்து தனி விழாவானது. 2017 முதல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலும் நடக்கிறது. இன்று உலகெங்கும் பேசப்படுவது துணையாக வந்த இந்த விழாதான்.

நகரமே அரங்கமாகும் விதத்தைப் பார்க்க மாண்ட்ரியல்தான் சரியான இடம். ‘மியூரல்’ விழா 2013இல் செயின்ட் லாரன்ட் பெருவீதியில் தொடங்கியது. இந்த வீதி நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கதவு எண்கள் இங்கிருந்துதான் கிழக்கும் மேற்குமாக எண்ணப்படுகின்றன. கிழக்கே பிரெஞ்சு பேசுவோர், மேற்கே ஆங்கிலம் பேசுவோர் என்பது பழைய கணக்கு. நடுவில் இந்த வீதியில் யூதர்களும் போர்ச்சுகீசியரும் பிறரும் வந்திறங்கிக் கடை வைத்தார்கள். விழா நாட்களில் வீதியின் ஒரு பகுதியில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். கட்டடங்களுக்கு இடையே உள்ள கார் நிறுத்துமிடங்களில் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்த இடங்களைப் பார்த்தபடி நிற்கும், ஜன்னல் இல்லாத பக்கச் சுவர்கள்தாம் ஓவியர்களுக்குக் கிடைப்பவை. முகப்பை யாரும் தர மாட்டார்கள். பக்கச் சுவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இந்த அலட்சியத்தால் நகரத்துக்குக் கிடைத்தது ஒரு திறந்தவெளிக் கூடம்.

இசைக்கும் சுவருக்கும் உள்ள தொடர்பு இங்கே 2017இல் நேரடியாகவே வெளிப்பட்டது. மாண்ட்ரியலில் பிறந்த பாடகரும் கவிஞருமான லெனர்ட் கோயன் 2016 நவம்பரில் காலமானார். அவருடைய வீடு இந்த வீதிக்குப் பக்கத்தில்தான். அடுத்த ஜூனில் நடந்த விழாவுக்காக, கெவின் லீடோ என்ற உள்ளூர் ஓவியர் அருகிலுள்ள நெப்போலியன் தெருவில் ஒன்பது மாடிச் சுவர் ஒன்றில் கோயனின் முகத்தைத் தீட்டினார். அதே ஆண்டில் நகர மையத்தின் கிரசென்ட் தெருவில் இருபது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்றில் இன்னொரு கோயன் உருவானார். ஜீன் பெண்டனும் அமெரிக்காவைச் சேர்ந்த எல் மாக்கும் ‘மூ’ என்ற அமைப்புக்காகத் தீட்டியது அது. கோயனின் மகள் லோர்கா எடுத்த ஒளிப்படம் அதற்கு மூலம். பரப்பு 10,000 சதுர அடிக்கு மேல். எந்த இசை விழாவின் நாட்காட்டிக்குள்ளும் அடங்காத வேலை. திறந்துவைக்க நவம்பர் ஆனது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு. ஒன்று விழாவின் கடிகாரத்துக்கு உட்பட்டது, மற்றது உட்படாதது.

விழாவின் கடிகாரத்துக்கு உட்படும் சுவர்களிலும் முக்கால்வாசி வேலை கூட்டம் வருமுன்பே நடந்துவிடுகிறது. மாதிரி வரைபடத்தைக் கட்டட உரிமையாளரும் ஏற்பாட்டாளரும், சில ஊர்களில் நகராட்சியும், முன்னதாகவே பார்த்து ஒப்புதல் தருகிறார்கள். பிறகு சுவரைக் கழுவி, வெடிப்புகளைப் பூசி, பிரைமர் அடிக்க வேண்டும். செங்கல் சுவர் வண்ணத்தை உறிஞ்சித் தள்ளும். பிரைமர் இல்லாமல் தொடங்கினால் செலவு ஏறும்.

கையளவு படத்தைச் சுவரளவு ஆக்குவதற்குப் பழைய வழி கட்டம் போடுவது. தமிழ்நாட்டில் சினிமா பேனர் ஓவியர்கள் ஒளிப்படத்தின் மேல் கோடிழுத்து நாற்பதடி முகங்களை எழுதியது இந்த முறையில்தான். இருட்டிய பிறகு புரொஜெக்டர் வைத்துப் படத்தைச் சுவரில் விழச் செய்து ஓரங்களை வரைந்துகொள்பவர்களும் உண்டு. இப்போது பரவலாக இருப்பது கிறுக்கல் முறை. சுவர் முழுக்க மனம்போன போக்கில் எழுத்துகளும் வளையங்களும் கிறுக்கிவிட்டு, அதைப் படமெடுத்து, அலைபேசிச் செயலியில் மாதிரி வரைபடத்தை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். மூக்கின் நுனி எந்தக் கிறுக்கலின் வளைவில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டியதுதான். வழிப்போக்கர்கள் முதல் நாள் அந்தக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, சுவரைக் கெடுத்துவிட்டார்களே என்று நினைப்பதில் வியப்பில்லை.

வேகத்துக்கு உதவுவது ஸ்ப்ரே கேன். 1949இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் அலுமினிய வண்ணம் பூசுவதற்காக உருவாக்கியது இது. ஓவியர்களையே மனதில் வைத்து அதைத் தயாரிக்கும் நிறுவனமாக 1994இல் பார்சிலோனாவில் ‘மொன்டானா கலர்ஸ்’ வந்தது. டப்பாவின் தலையில் மாட்டும் சிறு மூடியை மாற்றினால் பென்சில் கோடு போலவும் வரும், கையகலப் பட்டையாகவும் வரும். பரந்த பின்னணிக்கு மட்டும் உருளையும் எமல்ஷனும் போதும். 400 மில்லி கேனை அதற்குச் செலவழிப்பது வீண். ஸ்ப்ரேயின் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால் வடிகட்டியுள்ள முகக்கவசம் கட்டாயம். ஒலிபெருக்கிக்கு அருகே நாள் முழுக்க நிற்பவருக்குக் காதடைப்பானும் வேண்டும்.

உயரத்துக்குச் சாரம், சிசர் லிஃப்ட், பூம் லிஃப்ட். வெளிப்புற வேலைக்கான பூம் லிஃப்ட்கள் பலவற்றில் காற்று நொடிக்கு 12.5 மீட்டரைத் தாண்டினால் மேலே போகக் கூடாது. மேடையில் பாட்டு தொடரும். ஓவியர் கீழே இறங்கிக் காத்திருப்பார். மழை வந்தாலும் இதே கதை. ஒன்றிரண்டு நாள் இப்படிப் போனால், மிச்ச வேலையை இரவில் விளக்கு வைத்துத்தான் முடிக்க வேண்டும்.

உண்மையான நேரலை பலகைகளில்தான். ‘அவுட்சைடு லேண்ட்ஸ்’ போன்ற பூங்கா விழாக்களில் சுவரே கிடையாது. தற்காலிகமாக நிறுத்திய பலகைகளில் ஓவியர்கள் விழா நாட்களில் தீட்டுகிறார்கள். முதல் நாள் வெறும் வெள்ளை, கடைசி நாள் முழுப் படம். இடையில் வந்து வந்து பார்ப்பவருக்கு அது ஒரு தொடர்கதை. நேரத்தை இன்னும் இறுக்கியது ‘சீக்ரெட் வால்ஸ்’. 2006இல் லண்டனில் தொடங்கிய போட்டி இது. இரண்டு தரப்பு, வெள்ளைப் பலகை, கறுப்பு வண்ணம் மட்டும், 90 நிமிடம். நடுவர்களோடு கூட்டத்தின் ஆரவாரமும் வெற்றியைத் தீர்மானிக்கும். டிஜே இசைக்க, பார்ப்பவர்கள் கத்த, அழிக்க வழியில்லாமல் தீட்டும் இந்த வகையில்தான் ஓவியம் கச்சேரிக்கு மிக அருகில் வருகிறது. படத்தின் தரம் என்று பார்த்தால் பொறுமையாகத் தீட்டிய சுவருக்கு இவை பெரும்பாலும் ஈடாகாது. ஆனால் கை தயங்குவதையும் தவறு திருத்தப்படுவதையும் பார்ப்பதற்காகவே அங்கே கூட்டம் நிற்கிறது.

பாட்டின் தாளத்துக்கேற்பத் தூரிகை ஆடுகிறது என்று விளம்பரங்கள் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் பாட்டைக் கேட்டுப் படத்தை மாற்றும் உரிமை இல்லை. பலகையில் தீட்டுபவருக்கு அந்தச் சுதந்திரம் ஓரளவு உண்டு.

பணத்தின் கதை ஊருக்கு ஊர் வேறு. பெரிய விழாக்கள் ஊதியம், பயணச் செலவு, வண்ணம், லிஃப்ட் எல்லாம் தருகின்றன. ‘ஆயிரக்கணக்கானோர் பார்ப்பார்கள், அதுவே பெரிய விளம்பரம்’ என்று சொல்லி வண்ணத்தோடு நிறுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மேடையில் பாடுபவரிடம் அப்படிச் சொல்லத் துணிபவர் குறைவு. ஸ்பான்சர் நிறுவனத்தின் சின்னம் ஓவியத்துக்குள் நுழையும்போது அது சுவரோவியமா, விளம்பரப் பலகையா என்ற சச்சரவும் எழும். ஓவியம் வந்த தெருவில் வாடகை ஏறுகிறது, பழைய குடிகள் வெளியேறுகிறார்கள் என்ற குறை பல நகரங்களில் கேட்கிறது.

விழா முடிந்தபின் பலகைகள் ஏலம் போகலாம், நன்கொடையாகப் போகலாம், வெள்ளையடித்து அடுத்த முறைக்கும் வரலாம். சுவர் ஓவியங்கள் வெயிலில் வெளுத்து, உரிமையாளர் மாறும்போதோ பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்போதோ மறைகின்றன. அமெரிக்காவில் காட்சிக் கலைஞர்களின் உரிமைகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓர் எல்லை வைத்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற கட்டடத்தின் ஓவியங்களை அதன் உரிமையாளர் 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்தார். ஓவியர்கள் அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். 45 ஓவியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என 2018இல் தீர்ப்பு வந்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அந்தச் சட்டமே ஓவியர் எழுத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கவும் இடம் தருகிறது. ஆகவே அங்கே ஓவியம் எத்தனை காலம் இருக்கும், அழிக்குமுன் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் கேனைக் குலுக்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய விஷயங்கள்.