வீட்டிலே வெள்ளை எலி

நாஞ்சில் நாட்டிலே நெல்லைக் கொட்டி வைக்கும் மரப்பெட்டிக்குப் பத்தாயம் என்று பெயர். எலி பிடிக்கும் பொறிக்கும் எலிப்பத்தாயம் என்றே பெயர். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு எலி எத்தகைய விரோதியாக இருந்தது என்பதை இந்தப் பெயர்ப் பொருத்தமே காட்டும். கோயிலுக்குப் போனால் பிள்ளையாரின் வாகனமென்று வணங்குகிறோம். வீட்டுக்கு வந்தால் பொறியிலே தேங்காய்த் துண்டைச் செருகுகிறோம். இத்தகைய நாட்டில் ஒரு குழந்தை, "எனக்கு வெள்ளை எலி வேண்டும்" என்று கேட்டால் பெற்றோர் திகைப்பது இயல்பே. ஆயினும் திகைப்போடு நின்றுவிடாமல் சற்று யோசிப்பது நல்லது.

முதலில் ஒரு விஷயம். வரப்பிலே வளை தோண்டும் எலியும், ஓட்டுக் கூரையில் ஓடும் எலியும் வளர்ப்பதற்கு உரியவை அல்ல. அவற்றின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. வளர்ப்பதற்கு உரியது, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலே பிறந்து மனிதர் கைக்குப் பழகிய இனம். அது பழுப்பு எலியின் வழி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் லண்டனில் ஜாக் பிளாக் என்று ஓர் எலி பிடிப்பவர் இருந்தார். பிடிபட்ட எலிகளில் நிறம் வேறுபட்டவற்றைத் தனியே வைத்துப் பெருக்கி, செல்லப் பிராணிகளாக விற்றார். எலிக்குக் காலனாக இருந்தவரே எலியை வீட்டுக்குள் அழைத்து வந்தவர்களில் ஒருவரானார்!

லண்டனை விட்டு நமது குன்னூருக்கு வருவோம். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், 1920-களில், ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் சுமார் ஆயிரம் வெள்ளை எலிகளை வைத்துப் பராமரித்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைவிட்ட கடலை, பச்சைக் காய்கறி, பால், வாரம் ஒரு முறை சிறிது மாமிசம் ஆகியவையே அவற்றின் ஆகாரம். வெளிச்சமும் காற்றும் சுத்தமும் குறைவற இருந்தன. இரண்டேகால் ஆண்டுக் காலத்தில் அந்த எலிகளிடையே வியாதியே காணவில்லை என்று அவர் பதிவு செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன! நெல் விளையும் நாட்டினராகிய நாம் இன்றும் சிந்திக்க வேண்டிய செய்தி இது. அந்த ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

குன்னூர் எலிகள் செல்லப் பிராணிகள் அல்ல. ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தவை. ஆனால் எலி வளர்ப்போருக்கு வேண்டிய பாடம் அவற்றிடமே இருக்கிறது. கூண்டில் உள்ள ஜீவன் தன் ஆகாரத்தையும் காற்றையும் தானே தேடிக்கொள்ள இயலாது. அதன் சௌக்கியம் முழுவதும் வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

எலி தனிமை பொறுக்காது. ஆகவே இரண்டாக வளர்க்க வேண்டும். இரண்டும் ஆணாகவோ, இரண்டும் பெண்ணாகவோ இருக்கட்டும். ஜோடி சேர்த்தால் மூன்று வாரத்தில் பத்துக் குட்டிகள் வந்து சேரும். எலிக்கு வியர்ப்பதில்லை, வாலின் வழியாகவும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. குமரி வெயிலில் கூண்டு நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் இருப்பது அவசியம். காகிதத் துண்டுகளைப் படுக்கையாக இட்டு அடிக்கடி மாற்ற வேண்டும். சிறுநீர் வாடை அதன் நுரையீரலைக் கெடுக்கும். பல் ஓயாமல் வளர்வதால் கடிக்க மரக்கட்டை தேவை. கேழ்வரகு, முளைப்பயறு, காய்கறி, கீரை நல்லவை, பட்சணம் கூடாது. எலியைத் தொட்டபின் குழந்தைகள் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், எலி வளர்ப்பதை டாக்டரிடம் மறைக்கலாகாது.

இவ்வளவும் செய்தாலும் எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். குழந்தையின் ஆசை அதற்கு முன்பே தீர்ந்துவிடக் கூடும். அப்போது, "வயலிலே விட்டுவிடுவோம், பிழைத்துப் போகட்டும்" என்று சிலர் நினைக்கலாம். அது பிழைக்காது. பச்சை வரப்பிலே வெள்ளை நிறம் காக்கைக்கும் பருந்துக்கும் பாம்புக்கும் காட்டிக் கொடுக்கும். இரை தேடிப் பழக்கமும் அதற்கு இல்லை.

ஆதலால், வாங்குவதற்கு முன்பே வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். மூன்று ஆண்டு பொறுப்பேற்க முடியாதென்றால், "வேண்டாம்" என்று குழந்தையிடம் சொல்வதே தர்மம். முடியுமென்றால், மனமுவந்து வாங்கிக் கொடுக்கலாம். தன்னை நம்பிய சிறு ஜீவனுக்கு வேளை தவறாமல் உணவும் நீரும் வைக்கப் பழகும் குழந்தை, நாளை இந்தத் தேசத்தில் தன்னை நம்பிய மனிதர்களையும் கைவிடாது என்று நாம் நம்புகிறோம்.