மத்தனா, கும்பளமா?

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் "ஒரு கிலோ பூசணிக்காய்" என்று கேட்டால், "மத்தனோ, கும்பளமோ?" என்ற கேள்விதான் திரும்பி வரும். புதிதாக வந்த தமிழர் விழிப்பார். குற்றம் அவருடையதல்ல, நம் ஊர்ப் பேச்சே அப்படி. சென்னையில் மஞ்சள் பூசணி, வெள்ளைப் பூசணி. தஞ்சைப் பக்கம் முன்னது பரங்கி, பின்னது வெறும் பூசணி. நெல்லை, குமரியில் பின்னதற்குத் தடியங்காய் என்று பெயர். மூன்று ஜில்லாக்காரர்கள் ஓர் அறையில் தங்கினால், அடுப்பு மூட்டுமுன் வழக்குத் தீர்க்க வேண்டும்.

மலையாளத்தில் இந்தக் குழப்பமில்லை. உள்ளே மஞ்சளாக இருப்பது மத்தன். மேலே சாம்பல் பூத்து, உள்ளே வெள்ளையாக இருப்பது கும்பளம். மத்தன் நட்டால் கும்பளம் முளைக்குமா என்று இங்கே பழமொழியே உண்டு. தாவர நூலும் அதையே சொல்கிறது. இரண்டும் வெள்ளரிக் குடும்பம்தான். ஆனால் பேரினம் வேறு. ஒரே பந்தலில் படரவிட்டாலும் கலப்பு உண்டாவதில்லை.

கும்பளம் ஆசியக் காய். மத்தனோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பரங்கியர் எனப்பட்ட போர்ச்சுக்கீசியர் 1500-இல் கொச்சிக்கு வந்தனர். 1555-இல் இதே மட்டாஞ்சேரியில் அரண்மனை கட்டி அரசருக்குக் கொடுத்தனர். கடல் கடந்து வந்த காய்க்குத் தமிழர் பரங்கிக்காய் என்று பெயரிட்டனர். பரங்கியர் கால் வைத்த ஊரிலோ அந்தப் பெயர் காய்க்கு ஒட்டவில்லை! மலையாளிகள் அதை முந்திரி மரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்: பறங்கிமாவு.

ஓணச் சாப்பாட்டில் இரண்டுக்கும் இடமுண்டு. தேங்காய்ப்பால் ஊற்றும் ஓலனுக்குக் கும்பளம், பயறு சேர்க்கும் எரிசேரிக்கு மத்தன். நம் மோர்க்குழம்புக்குக் கும்பளமே பொருத்தம்; மத்தனை வாங்கிப் போனால் குழம்பு இனித்துக் கிடக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மத்தன்தான் மேல். கும்பளத்தில் 100-க்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர். மத்தனின் மஞ்சளோ கரோட்டின். உடலில் வைட்டமின் 'ஏ' ஆகிக் கண்ணுக்கு உதவுவது. ஆனால் முற்றிய முழுக் கும்பளம், மேலுள்ள மெழுகுப் பூச்சினால், மாதக்கணக்கில் கெடாது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் கீற்றாக வாங்குவதே லாபம். வெட்டியபின் இரண்டும் சில நாள்தான் தாங்கும்.

எதை வாங்கினாலும் நறுக்கியதும் நுனி நாவில் ஒரு துளி வைத்துப் பார்க்கவும். கசந்தால் காசைப் பாராமல் எறிந்துவிட வேண்டும். இவ்விரு காய்களிலும் கசப்பு நச்சு, வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் வரும்.