குளத்தில் கண்ட அரிய பறவை சான்றாவது எவ்வாறு?

மன்னார் கட்டுக்கரைக் குளத்தில் மாரி காலத்தில் வந்திறங்கும் வலசை வாத்துகளை அப்பகுதி விவசாயிகளும் மீனவர்களும் நன்கறிவர். அக்கூட்டத்தினிடையே என்றுமே கண்டிராத ஒரு வாத்து நின்றால் அதனை முதலில் காண்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆயின் அவர்கள் கண்டது ஏட்டில் ஏறுவது அரிது.

ஆங்கிலத்தில் 'கோம்ப் டக்' எனப்படும் பெரிய வாத்தினை உதாரணமாகக் கொள்ளலாம். ஆணின் அலகின் மேல் கருநிறத் தசைமேடு ஒன்று உண்டு. இனப்பெருக்க காலத்தில் அது பருக்கும். தலையும் கழுத்தும் வெண்மை. அதில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். முதுகும் இறக்கைகளும் பளபளக்கும் கருமை. பெண் சிறியது, தசைமேடு அற்றது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் வாழ்ந்த இவ்வாத்து பின்னர் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. அண்மைக் காலத்தில் மீண்டும் காணப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. எனவேதான் ஒவ்வொரு அவதானிப்பும் பெறுமதியானது.

இங்கே ஒரு பொறி உண்டு. வீடுகளில் வளர்க்கப்படும் மணிலா வாத்தும் கறுப்பு வெள்ளை நிறமுடையதே. தப்பிச் சென்ற ஒன்று குளத்தில் நீந்தினால் ஆர்வமிக்கவர் ஏமாறுவது இயல்பு. மணிலா வாத்தின் முகத்தில் சிவந்த சதைக் கட்டிகள் இருக்கும்; பறக்கையில் இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டுத் தெரியும். கோம்ப் டக்கின் இறக்கையோ மேற்புறமும் கீழ்ப்புறமும் இருண்டது. ஆகவே பறவை எழும்பும் அந்தச் சில விநாடிகளே தீர்ப்புக்குரியவை. அருகில் சென்று அதனைக் கலைத்து எழுப்பலாமா எனின், கூடாது. பொறுமையே வழி.

நூலைப் புரட்டுமுன் குறிப்பெழுத வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு எழுதுபவர் தாம் காணாததையும் கண்டதாக நினைவுகூர்வர். திகதி, நேரம், தூரம், வெளிச்சத்தின் திசை, எண்ணிக்கை, பக்கத்தில் நின்ற பறவையோடு ஒப்பிட்ட பருமன், கால்களின் நிறம் ஆகியன போதும். தொலைநோக்கியின் கண்வில்லையில் கைத்தொலைபேசியை வைத்து எடுத்த மங்கலான படமும் சான்றே. அதன் மூலப் பிரதியைத் திருத்தாது வைத்திருத்தல் அவசியம். காலில் வளையம் உண்டா, இறகு வெட்டப்பட்டுள்ளதா, மனிதரைக் கண்டு அஞ்சுகின்றதா என்பதையும் நோக்குக. கூண்டுப் பறவையா காட்டுப் பறவையா என்ற கேள்வி கட்டாயம் எழும்.

1943இல் ஆரம்பிக்கப்பட்ட சிலோன் பறவைக் கழகம் இத்தகைய பதிவுகளைப் பரிசீலித்துப் பேணி வருகின்றது. 2002இல் தொடங்கப்பட்ட 'ஈபேர்ட்' இணையத் தளத்திலும் அசாதாரணமான பதிவுகளை மீளாய்வாளர்கள் சரிபார்க்கின்றனர். பதிவு ஏற்கப்படாவிடின் கண்டவர் பொய்யர் என்று பொருளல்ல. சான்று போதவில்லை என்பதே பொருள். இதனை அவமதிப்பாகக் கருதி ஒதுங்கியவர் பலர்.

போர்க்காலத்தில் வடபகுதிக் குளங்களில் முறையான கணக்கெடுப்பு பல ஆண்டுகளாக இயலாதிருந்தது. அந்த இடைவெளியில் எவை வந்தன, எவை வராதொழிந்தன என்பதை இன்று எவராலும் கூறமுடியாது. ஓர் ஈரநிலத்தைச் சரணாலயமாக்குவதா, வீதிக்கும் கட்டடத்துக்கும் விடுவதா என்று ஆராயப்படும்போது ஏட்டில் உள்ளவையே பேசும். வங்காலை 2010இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றமைக்கும் அங்குள்ள நீர்ப்பறவைகள் பற்றிய பதிவுகள் துணைநின்றன.

இன்னுமொன்று. பறவை கூடு கட்டியிருப்பின் இடத்தைப் பகிரங்கப்படுத்துதல் வேட்டைக்காரருக்கு வழிகாட்டுவதாகிவிடும். உரியவர்களுக்கு மட்டும் அறிவித்தல் நன்று. மற்றைய வேளைகளில் குளத்தின் ஊர்ப் பெயரையும் வரைபடப் பெயரையும் சேர்த்தே எழுதுக. கட்டுக்கரை என்பதும் 'ஜயன்ற்ஸ் டாங்க்' என்பதும் ஒன்றே என்பது கொழும்பில் இருந்து ஏட்டைப் புரட்டுபவருக்குத் தெரியாதிருக்கலாம்.