கட்டுநாயக்காவிலிருந்து குவைத்துக்கு எவ்வளவு நேரம்?

நமது தோட்டங்களிலிருந்து குவைத், சவூதி, துபாய் என்று வேலைக்குப் போகிறவர்கள் பலர். மகளையோ மனைவியையோ பிளேன் ஏற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பியதும், "இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாளா? ஏன் இன்னும் போன் வரல்ல?" என்று வீடே கலங்கிப் போகிறது. டிக்கட்டில் உள்ள நேரத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் இந்தக் கலக்கத்தில் பாதி குறையும்.

கட்டுநாயக்காவிலிருந்து குவைத் ஏறக்குறைய 4,100 கிலோமீட்டர். துபாய் 3,300, சவூதியின் ரியாத் 4,000. உயரத்தில் பறக்கும்போது பிளேன் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏறவும் இறங்கவும் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால், நேராகப் போகும் பிளேன் குவைத் சேர ஐந்தரை மணித்தியாலம் அளவில் ஆகும். அட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போக நமக்கு நாலு, ஐந்து மணித்தியாலம் ஆகிறதே, கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

ஆனால் டிக்கட்டில் "புறப்பாடு 18.30, வருகை 21.30" என்று இருக்கும். மூன்றே மணித்தியாலமா? இல்லை. புறப்படும் நேரம் நமது நாட்டு நேரம், போய்ச் சேரும் நேரம் குவைத் நேரம். சூரியன் நமக்கு முன்னதாக உதிக்கிறது. நாம் காலை 7.30க்குக் கொழுந்து மலையில் நிற்கும்போது குவைத்தில் காலை 5 மணிதான். குவைத், சவூதி, கட்டார் மூன்றும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியவை. துபாய் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. ஆகவே அங்கே இரவு 9.30 என்றால் இங்கே நடுச்சாமம் 12 மணி. அதன் பிறகு பாஸ்போர்ட் பார்த்து, பெட்டி எடுத்து, வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போக வேண்டும். விடியும்வரை போன் வராவிட்டாலும் உடனே பயப்பட வேண்டாம்.

இடையில் துபாயிலோ டோஹாவிலோ பிளேன் மாறுவதென்றால், அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போதுதான் அதிகம் கவனம் வேண்டும். குவைத்தில் 14-ம் திகதி மாலை 6 மணிக்குப் புறப்படும் பிளேன் ஐந்து மணித்தியாலம் பறந்தால், அங்கே இரவு 11 மணி. இங்கே 15-ம் திகதி அதிகாலை 1.30. டிக்கட்டில் "15, 01.30" என்றிருப்பதைப் பார்த்து, 15-ம் திகதி இரவு வேன் பிடித்துப் போனால் என்ன ஆகும்? வருஷக்கணக்காகப் பிரிந்திருந்த பிள்ளை, பெட்டியும் கையுமாக ஒரு முழுப் பகல் உங்களைத் தேடிக்கொண்டு நிற்கும். அட்டன் பக்கத்தில் உள்ளவர்கள் 14-ம் திகதி இரவு 8 மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும்.

போகும்போதும் அப்படித்தான். 01.30க்குப் பிளேன் என்றால் முதல் நாள் இரவு 10.30க்கே கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும்.

டிக்கட்டின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விளங்காவிட்டால் படித்த பிள்ளைகளிடமோ தோட்டத்து ஆசிரியரிடமோ காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.