மக்கள் பணம் – 9: பதில் சொல்லும் கடமை

மின்மோட்டாருக்குள் சுழலும் ஒரு பாகம். ராணுவம் வாங்கும் உதிரிபாகங்களில் ஒன்று. விலை 654 டாலராக இருந்தது. அதைச் செய்துவந்த கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பிறகு அதே பாகத்தின் விலை 5,474 டாலர். அதே நிறுவனம் வாங்கிய இன்னொரு கம்பெனி செய்த கேபிள் தொகுப்பு 1,737 டாலரிலிருந்து 7,863 டாலருக்கு ஏறியது. இந்தப் பாகங்களை வாங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. பணம் கட்டியது இந்த நாட்டில் வரி செலுத்தும் ஒவ்வொருவரும்.

இந்த விலைகளை வரிசையாக எழுதி, விசாரிக்கச் சொல்லி 2017 மார்ச்சில் ஒரு கடிதம் போனது. எழுதியவர் சான்டா கிளாரா, சன்னிவேல், கூபர்டினோ பகுதிகள் அடங்கிய, கலிபோர்னியாவின் 17ஆவது தொகுதியின் உறுப்பினர் ரோ கன்னா. அவர் நாடாளுமன்றத்துக்குப் போய் அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவரது ஜனநாயகக் கட்சி சிறுபான்மையில் இருந்தது. குழுத் தலைவர் பதவி எதுவும் அவரிடம் இல்லை. யாரையும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கும் அதிகாரமும் இல்லை. கையில் இருந்தது ஒரு கடிதம் மட்டுமே.

போன வாரம் பட்ஜெட் சபையில் எப்படி நிறைவேறுகிறது என்று பார்த்தோம். ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று பிறகு யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பது இந்த வாரம்.

கேள்வி நேரம் இல்லாத சபை

தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்குச் சட்டமன்றக் கேள்வி நேரம் பழகியது. அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்பார். மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளுக்கு 20. அவற்றுக்கு வாய்மொழியாகப் பதில், கூடவே துணைக் கேள்விகள். குறியிடாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில் கூடிய கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நடக்கவில்லை. எழுத்துக் கேள்விகள் மட்டும் தொடர்ந்தன. அமைச்சரை நேருக்கு நேர் மடக்கும் துணைக் கேள்வி போய்விட்டது என்று எதிர்க்கட்சிகள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

வாஷிங்டனில் இந்த ஏற்பாடு எந்நாளும் இருந்ததில்லை. இங்கே அமைச்சர்கள் சபை உறுப்பினர்கள் அல்லர். டென்னசி மாநிலத்தின் எஸ்டஸ் கீஃபாவர் 1943இல் நம்முடையதைப் போன்ற ஒரு கேள்வி நேரம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

ஆகவே இங்குள்ள உறுப்பினர் கடிதம் எழுதுகிறார். குழு விசாரணைக்கு வரும் அதிகாரியிடம், விசாரணை முடிந்தபின் எழுத்தில் கேள்விகள் அனுப்புகிறார். 1921இல் உருவான அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்திடம் ஆய்வு கேட்கிறார். ஆனால் தனி உறுப்பினரின் கடிதத்துக்குத் துறை பதில் அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆவணங்களைக் கட்டாயப்படுத்திப் பெறும் அதிகாரம் குழுவிடம் இருக்கிறது. குழு பெரும்பான்மைக் கட்சியிடம் இருக்கிறது.

ரோ கன்னா கடிதம் அனுப்பிய முகவரியில்தான் சூட்சுமம். அவர் பாதுகாப்பு அமைச்சருக்கு எழுதவில்லை. அந்தத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கு எழுதினார். இது போலீஸ் பதவி அல்ல. துறைக்குள்ளேயே இருந்துகொண்டு அந்தத் துறையின் கணக்கைத் தோண்டுவதற்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பதவி. துறையின் எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. பதில் சொல்லக் கடமை இல்லாதவரிடம் கேட்பதைவிட, கணக்கைத் திறக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்பது மேல் என்று புதிய உறுப்பினர் முடிவு செய்தார்.

திரும்பி வந்த 1 கோடியே 61 லட்சம்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. டிரான்ஸ்டைம் என்ற அந்த நிறுவனத்திடம் 2015 ஜனவரி முதல் 2017 ஜனவரி வரை வாங்கிய 47 உதிரிபாகங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 15 சதவீதம் நியாயமான லாபம் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். 46 பாகங்களில் லாபம் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. ஒரு பாகத்தில் லாபம் 4,451 சதவீதம். கூடுதலாகப் போன மொத்தத் தொகை 1 கோடியே 61 லட்சம் டாலர்.

இடையில் ஒரு தேர்தல் நடந்து, ஜனநாயகக் கட்சி கீழவையில் பெரும்பான்மை பெற்றிருந்தது. 2019 மே 15 அன்று எலைஜா கம்மிங்ஸ் தலைமையிலான மேற்பார்வைக் குழு, நிறுவனத்தின் தலைவர்களை அழைத்து உட்காரவைத்தது. இரு கட்சி உறுப்பினர்களும் கண்டித்தார்கள். ரோ கன்னா பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று நேராகக் கேட்டார். தாங்கள் தவறு செய்யவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. ஆனால் அதே மாதக் கடைசிக்குள், முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக அறிவித்தது.

ராணுவத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான். இருந்தாலும் ஒரு கடிதம் எந்தெந்தப் படிகளைக் கடந்து பணமாகத் திரும்பியது என்பதைக் கவனியுங்கள். கேள்வியில் எண்கள் இருந்தன. எந்தப் பாகம், பழைய விலை எவ்வளவு, புதிய விலை எவ்வளவு என்று இருந்தது. கணக்கைத் திறக்கும் உரிமை உள்ளவர் விசாரித்தார். பதில் அறிக்கையாகப் பகிரங்கமானது. பிறகு பதில் சொல்லியே தீரவேண்டிய மேசை முன்னால் சம்பந்தப்பட்டவர்கள் உட்காரவேண்டி வந்தது. இதில் ஒரு படி இல்லாவிட்டாலும் அந்தக் கடிதம் கோப்புக்குள்ளேயே கிடந்திருக்கும்.

சட்டமே திறந்துவிட்ட வழி

நிறுவனம் சட்டத்தை மீறியதாக அறிக்கை சொல்லவில்லை. இதைத்தான் நான் கோபத்தோடு படித்தேன். அரசுக்கு விற்பவர் தன் அடக்கவிலையைச் சான்றளித்துக் காட்டவேண்டும் என்று 1962ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அப்போது ஒப்பந்தம் 7 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தால்தான் அந்தக் கட்டாயம். ஆய்வுக்கு வந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே இருந்தன. கொள்முதல் அதிகாரிகள் அடக்கவிலை விவரம் கேட்டபோது நிறுவனம் பெரும்பாலும் மறுத்துவிட்டது. அந்தப் பாகத்தை வேறு யாரும் செய்வதில்லை, விமானம் பறக்கவேண்டும், அதிகாரிகள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள்.

கடிதம் விசாரணையில் இருந்த காலத்தில், 2017 டிசம்பரில், நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2018 ஜூலை முதல் அந்த வரம்பு 20 லட்சம் டாலராக உயர்ந்தது. கேள்வி கேட்ட சபையே, பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழியை அகலமாக்கியது. 2021 டிசம்பரில் இரண்டாவது அறிக்கை வந்தபோது, அதே நிறுவனத்தின் 105 பாகங்களில் 2 கோடியே 8 லட்சம் டாலர் கூடுதல் லாபம் கணக்காகியிருந்தது.

தீர்மானம் என்ற ஆயுதம்

கேள்வி ஒரு கை என்றால் தீர்மானம் மறு கை. நம் ஊர்ச் சட்டமன்றங்களில் மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் வரும். கொள்கையே தவறு என்றால் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். சிக்கனம் வேண்டும் என்றால் இன்ன தொகையைக் குறை எனலாம். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். அமெரிக்கக் கீழவையிலும் 1876இல் தோன்றிய ஹோல்மன் விதி என்ற ஒன்று உண்டு. அதைக் கொண்டு ஓர் அதிகாரியின் சம்பளத்தை ஒரு டாலராக்கத் திருத்தம் கொண்டுவரலாம். இவை பெரும்பாலும் தோற்கும், அல்லது சட்டமாகாமல் நின்றுபோகும். பத்திரிகையில் தலைப்புச் செய்தியாவதோடு முடிவதும் உண்டு.

விசாரணைக் குழு கேட்டு வரும் தீர்மானம் அப்படியல்ல. ராணுவ முகாம்கள் கட்டுவதில் பணம் வீணாகிறது என்ற புகார்கள் வந்தபோது, மிசூரி மாநில செனட்டர் ஹாரி ட்ரூமன் தானே காரோட்டிப் போய்ப் பார்த்தார். 1941 பிப்ரவரியில் சபையில் பேசினார். மார்ச் 1 அன்று அவரது தீர்மானம் நிறைவேறியது. குழுவுக்குக் கிடைத்த பணம் 15,000 டாலர். அந்தக் குழு போர்க்காலத்தில் பல நூறு கோடி டாலர்களை மிச்சப்படுத்தியதாக மதிப்பிடுகிறார்கள். ஆளும் கட்சிக்காரரே தன் அரசின் செலவைத் தோண்டினார் என்பது அதன் பெருமை.

இந்தியாவிலும் அப்படி ஒருவர் இருந்தார். 1957 ஜூனில், தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு கம்பெனிப் பங்குகளில் சுமார் 1 கோடியே 25 லட்ச ரூபாய் போட்டது. செப்டம்பரில் மக்களவையில் அதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. மழுப்பலான பதில் கிடைத்தது. டிசம்பர் 16 அன்று காங்கிரஸ் உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன், எண்களோடும் தேதிகளோடும் எழுந்து பேசினார். நீதிபதி எம்.சி. சாக்ளாவின் ஒருநபர் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தென்சென்னையின் உறுப்பினர், பதவி விலகினார். முதல் கேள்விக்கு மழுப்பலே பதிலாக வந்தது. விடாமல் தொடர்ந்தவர்களால்தான் கணக்கு வெளியே வந்தது.

இன்றைய ஆபத்து

கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணக்கைத் திறப்பவர்கள்தான் குறைகிறார்கள். 2025 ஜனவரி 24 அன்று ஜனாதிபதி ட்ரம்ப், பாதுகாப்புத் துறையினுடையவர் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்ட இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை ஒரே நாளில் நீக்கினார். 30 நாட்களுக்கு முன்னரே காரணத்தோடு நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற சட்டத்தை அவர் பின்பற்றவில்லை. 2017இல் ரோ கன்னா எழுதிய கடிதத்தைப் போல நாளை ஒருவர் எழுதினால், பிரித்துப் படிப்பவருக்குத் தன் நாற்காலியைப் பற்றிய பயம் இருக்கும். எந்தக் கட்சி ஆண்டாலும் இது தவறு. கணக்குக் கேட்பவரை நீக்கும் உரிமை, கணக்குக் காட்டவேண்டியவரிடம் இருக்கக் கூடாது.

நம் ஊரில் நாம்

நாடாளுமன்றம் தூரம் என்றால் நகர சபை பக்கம். சான்டா கிளாராவின் நகர சபை வார்பர்டன் அவென்யூவில், செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடுகிறது. மேயரும் ஆறு வட்ட உறுப்பினர்களும் அதில் இருக்கிறார்கள். லீவைஸ் மைதானத்தின் ஆணையக் குழுவும் அவர்களே. அந்த மைதான நிர்வாகத்தின் கொள்முதல் கணக்கைச் சபை கேட்கத் தொடங்கியதில் தகராறு மூண்டு, நீதிமன்றம் வரை போய், 2022இல்தான் சமரசம் ஏற்பட்டது.

நிகழ்ச்சி நிரலில் விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேறும் பட்டியல் ஒன்று இருக்கும். பல ஒப்பந்தங்கள் அதில்தான் போகின்றன. எந்த உறுப்பினரும் ஓர் இனத்தை அதிலிருந்து தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லலாம். புதிய விஷயத்தை நிரலில் சேர்க்க எழுத்துமூல மனு கொடுக்கும் வழியும் உண்டு, பொதுமக்களும் கொடுக்கலாம். நம் மாநிலத்தின் 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை வெளியிடவேண்டும். வந்திருப்பவர் பேச இடம் தரவேண்டும். உள்ளே வர உங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. குடியுரிமையைக் கேட்பதும் இல்லை. பொது ஆவணச் சட்டப்படி நீங்கள் ஓர் ஆவணம் கேட்டால், தரமுடியுமா என்று 10 நாட்களுக்குள் சொல்லவேண்டும்.

எச்1பி விசாவில் இருப்பவருக்கும் பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவருக்கும் இங்கே வாக்கு இல்லை. ஆனால் வாங்கும் பொருள்களிலும், கொடுக்கும் வாடகையிலும் இந்த நகரத்துக்கு வரி கட்டுகிறார்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. அடுத்த கூட்டத்தின் நிரலை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியாத ஒரே ஒரு செலவைத் தேர்ந்தெடுங்கள். தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு உங்கள் வட்ட உறுப்பினருக்கு எழுதுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

(தொடரும்)