முதுமை எய்தும் அமெரிக்கப் பாலங்கள்: கட்டுதலும் காத்தலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சாலைப் பாலங்கள் உள்ளன. அந்நாட்டின் குடிசார் பொறியாளர் கழகம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அவற்றுள் 42 விழுக்காடு ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை. ஏறத்தாழ 46,000 பாலங்கள் மோசமான நிலையில் இருப்பதாகவும் அம்மதிப்பீடு கூறியது. உலகின் செல்வ வளம் மிக்க நாடொன்றில் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று? முதுமை எய்திய பாலம் எப்போது ஆபத்தாகிறது? அதனைச் செப்பனிடுவதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே நம் நோக்கம்.

ஒரே காலத்தில் பிறந்தவை

1956ஆம் ஆண்டு அதிபர் ஐசனாவர் கையொப்பமிட்ட நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களை இணைக்கும் 41,000 மைல் விரைவுச்சாலைகளுக்கு வழிவகுத்தது. செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்றது. ஆறுகளின்மேலும் பள்ளத்தாக்குகளின்மேலும் சாலைகளுக்குக் குறுக்காகவும் பல்லாயிரம் பாலங்கள் அடுத்த இருபது ஆண்டுகளுள் எழுந்தன. அக்காலப் பாலங்களுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பயன்பாட்டை எண்ணியே வடிவமைக்கப்பட்டன.

ஒரே காலத்தில் பிறந்தவை ஒரே காலத்தில் மூப்படைவது இயல்பு. கட்டுவதற்கு ஒரு முறை பெரும்பணம் ஒதுக்கிய அரசுகள், காப்பதற்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகையை அதே ஊக்கத்துடன் ஒதுக்கவில்லை. நெடுஞ்சாலை நிதிக்கு ஊற்றாக விளங்கும் நடுவண் அரசின் பெட்ரோல் வரி, காலன் ஒன்றுக்கு 18.4 காசு என 1993இல் வகுக்கப்பட்டு அதே அளவில் நின்றுவிட்டது. விலைவாசி உயர உயர, அவ்வரியின் வாங்கும் ஆற்றல் தேய்ந்தது.

பாலம் எவ்வாறு மூப்படைகிறது?

முதற்காரணம் துரு. குளிர்காலத்தில் சாலையிற் படியும் பனிக்கட்டியை உருக்க, அமெரிக்காவின் வட மாநிலங்களில் உப்புத் தூவுகின்றனர். உப்பு கரைந்த நீர் கான்கிரீட்டினுள் ஊடுருவி, உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தோன்றிய எஃகைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. அவ்வாறு பருக்கும்போது, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்து பெயர்த்தெறிகிறது.

இரண்டாவது காரணம் உலோகச் சோர்வு. மெல்லிய கம்பியொன்றை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால், ஒரு முறை வளைத்தபோது உடையாதது இறுதியில் உடைந்துபோகிறது. கனரக வண்டி ஒவ்வொன்றும் கடந்து செல்லும்போது பாலத்தின் உறுப்புகள் சிறிதளவு இழுபட்டு மீள்கின்றன. இலட்சக்கணக்கான முறை இது நிகழும்போது நுண்ணிய விரிசல் தோன்றி வளர்கிறது.

மூன்றாவது காரணம் நீரோட்டம். வெள்ளம் பாலத் தூணின் அடியிலுள்ள மண்ணை அரித்துச் செல்லும். 1987 ஏப்ரல் 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் சுகோகரி ஓடைப் பாலம் இவ்வாறே வீழ்ந்து பத்துப் பேர் மாண்டனர். மேலே நின்று பார்ப்போர்க்குப் பாலம் நலமாகவே தோன்றியிருக்கும். கேடு நீருக்கடியில் இருந்தது.

வெள்ளிப் பாலம் கற்பித்தது

ஒகாயோ ஆற்றின் குறுக்கே மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் பிளசன்ட் நகரையும் எதிர்க்கரையையும் இணைத்த தொங்குபாலம் 1928இல் திறக்கப்பட்டது. அலுமினிய வண்ணப் பூச்சினால் அதற்கு 'வெள்ளிப் பாலம்' என்று பெயர் வந்தது. முறுக்கிய கம்பிவடங்களுக்குப் பதிலாக, இரு முனைகளிலும் கண்போன்ற துளையுடைய எஃகுச் சட்டங்களைச் சங்கிலிபோற் கோத்து அதனைத் தொங்கவிட்டிருந்தனர். ஒரு கண்ணிக்கு இரண்டு சட்டங்களே இருந்தன. ஒன்று முறிந்தால் மற்றொன்று தனித்துத் தாங்க இயலாது.

1967 டிசம்பர் 15ஆம் நாள் மாலை, வண்டிகள் நெருக்கியடித்து நின்ற வேளையில் அப்பாலம் ஆற்றில் வீழ்ந்தது. நாற்பத்தாறு பேர் உயிரிழந்தனர். ஒரு சட்டத்தின் துளை விளிம்பில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமுடைய விரிசல் ஒன்று இருந்ததே காரணம் என ஆய்வாளர்கள் கண்டனர். சட்டங்களைக் கழற்றாமல் அவ்விரிசலை எவராலும் கண்டிருக்க இயலாது. அதே அமைப்பில் அவ்வாற்றின்மேல் கட்டப்பட்டிருந்த மற்றொரு பாலமும் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது.

அதுவரை நாடு முழுமைக்கும் பொதுவான பாலச் சோதனை முறை இருக்கவில்லை. இவ்விபத்தின் விளைவாக 1968இல் சட்டமும் 1971இல் தேசியப் பாலச் சோதனை விதிகளும் பிறந்தன. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு பாலமும் சோதிக்கப்பட்டு, மேல்தளம், தாங்கும் கட்டமைப்பு, அடித்தூண்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் இடப்படுகிறது. அவற்றுள் ஏதேனும் ஒன்று நான்கு அல்லது அதற்குக் கீழே இறங்கினால், பாலம் மோசமான நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும்.

சொல்லும் பொருளும்

இந்நிலையைக் குறிக்க நெடுங்காலம் 'கட்டமைப்புக் குறைபாடுடையது' எனும் பொருள்தரும் தொடரே வழங்கியது. அதனைக் கேட்ட பொதுமக்கள், பாலம் விழப்போகிறது என அஞ்சினர். பொறியாளர்க்கோ அது கவனிப்பும் செப்பனிடலும் வேண்டும் என்பதன் குறியீடு மட்டுமே. ஒரே தொடர் ஒரு சாராரை மிகையாக அச்சுறுத்தியது. மறு சாராரைப் பழக்கத்தினால் மரத்துப்போகச் செய்தது. பின்னாளில் நன்று, இடைநிலை, மோசம் என்னும் எளிய சொற்கள் நடைமுறைக்கு வந்தன. துறைச்சொல் ஒன்றை ஆக்குவோரும் ஆள்வோரும் கருத வேண்டிய செய்தி இது.

2007 ஆகஸ்டு 1ஆம் நாள், மினியாபொலிசு நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் அமைந்திருந்த ஐ-35 டபிள்யூ விரைவுச்சாலைப் பாலம் வீழ்ந்து 13 பேர் இறந்தனர். 145 பேர் காயமுற்றனர். 1967இல் திறக்கப்பட்ட அப்பாலம் பல்லாண்டுகளாகவே குறைபாடுடைய பட்டியலில் இருந்தது. எனினும், அதனை வீழ்த்தியது பட்டியலில் எழுதப்பட்டிருந்த குறை அன்று. எஃகு உறுப்புகளைப் பிணைக்கும் தகடுகள் சில, தேவையான கனத்தில் ஏறத்தாழப் பாதியே உடையனவாக வடிவமைப்பிலேயே பிழைபட்டிருந்தன. காலப்போக்கில் கூடிய மேல்தளக் கனமும், அன்று பழுதுபார்ப்பிற்காகக் குவிக்கப்பட்டிருந்த பொருள்களின் சுமையும் அப்பிழையை வெளிக்கொணர்ந்தன.

எழுதப்பட்டது, செய்யப்படவில்லை

இதற்கு நேர்மாறானது பிட்சுபர்க்கு நகரின் பெர்ன் ஆலோ பாலம். 2022 சனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், ஒரு பேருந்தையும் சில கார்களையும் சுமந்தவாறு அது பள்ளத்தாக்கில் வீழ்ந்தது. நற்பேறாக உயிரிழப்பு ஏதுமில்லை. உள்கட்டமைப்பைக் குறித்து உரையாற்ற அதிபர் பைடன் அதே நாளில் அந்நகருக்கு வருவதாக இருந்தார்.

வண்ணம் பூசத் தேவையில்லாத, தன்மேற்படியும் துருவையே காப்பாகக் கொள்ளும் தனிவகை எஃகினால் ஆனது அப்பாலம். அக்காப்புத் திறம்பட அமைய வேண்டுமாயின், எஃகு நனைந்து நனைந்து உலர வேண்டும். வடிகால்கள் அடைபட்டு நீரும் குப்பையும் பாலத்தின் கால்களில் தேங்கியதால், துரு காப்பாக அமையாமல் எஃகைத் தின்றது. சோதனை அறிக்கைகள் ஆண்டுக்கணக்காக இக்கேட்டைச் சுட்டிச் செப்பனிடுமாறு பரிந்துரைத்து வந்தன. பரிந்துரைகள் கோப்பிலேயே தங்கின. சாலைப் பூச்சின் கனத்தைக் குறைத்துக் கணக்கிட்டதால், பாலம் தாங்கும் சுமையும் மிகையாக மதிப்பிடப்பட்டது. கணக்கு முறையாக இடப்பட்டிருந்தால் பாலம் முன்னரே மூடப்பட்டிருக்கும்.

வெள்ளிப் பாலத்தில் அறியாமையினால் வந்த அழிவு, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் அறிந்தும் செயற்படாமையினால் வந்தது. வடிகாலைத் தூர்வாருதல் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று என்பது இங்கு எண்ணத்தக்கது.

காப்பதா, மாற்றுவதா?

அகவை மட்டும் ஒரு பாலத்தின் கேட்டை அளந்துவிடாது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் 1883இல் திறக்கப்பட்டது. தேவையினும் ஆறு மடங்கு வலிமையுடையதாக அதன் கம்பிவடங்களை ரோபிளிங் வகுத்திருந்தார். கம்பி வழங்கியவர் தரங்குறைந்த கம்பியைக் கலந்து ஏமாற்றியது கட்டுமானத்தின்போதே தெரிய வந்தது. ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்தனர். அப்பாலம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதனினும் இருபது ஆண்டு இளையதான வில்லியம்சுபர்க்குப் பாலத்தின் கம்பிகளுக்குத் துத்தநாகப் பூச்சு இல்லை. பராமரிப்பும் குன்றியதால் 1988இல் அதனைச் சில வாரங்கள் மூட நேர்ந்தது. பின்னர்ப் பெருஞ்செலவில் செப்பனிட்டு மீட்டனர்.

சில பாலங்களை மாற்றியே ஆகவேண்டும். அட்சன் ஆற்றின்மேல் 1955இல் திறக்கப்பட்ட டாப்பன் சீ பாலத்திற்குப் பதிலாக, ஏறத்தாழ நான்கு பில்லியன் டாலர் செலவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் புதிய இரட்டைப் பாலம் திறக்கப்பட்டது. சிறிய பாலங்களுக்கு விரைவான வழியும் உண்டு. மாசசூசெட்சு மாநிலம், முன்னரே வார்த்துவைத்த பகுதிகளைக் கொண்டு, 2011ஆம் ஆண்டுக் கோடையின் பத்து வார இறுதிகளில் 14 பாலங்களின் மேற்கட்டமைப்பை மாற்றி முடித்தது.

பாலம் மாறாதிருக்க, அதனைச் சூழ்ந்த உலகு மாறுவதும் ஒருவகை முதுமையே. 1977இல் திறக்கப்பட்ட பால்டிமோர் பிரான்சிசு ஸ்காட் கீ பாலத்தின் தூணில், 2024 மார்ச்சு 26ஆம் நாள், சிங்கப்பூரில் பதிவுபெற்ற 'டாலி' என்னும் சரக்குக் கப்பல் மோதியது. பாலத்தின்மேல் பணியிலிருந்த தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். கப்பலின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். பாலம் கட்டிய காலத்தினும் கப்பல்கள் பன்மடங்கு பெருத்துவிட்டன; தூண்களின் காப்பு அதற்கேற்ப வளரவில்லை.

நிறைவாக

2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம், பாலங்களுக்கென ஏறத்தாழ 40 பில்லியன் டாலரை ஒதுக்கியது. இது பெருந்தொகையே. ஆயினும் மேலே கண்ட வரலாறு, பணம் ஒன்றே மருந்து அன்று என்பதைக் காட்டுகிறது. காணப்பட்ட குறை தெளிவான சொற்களில் எழுதப்படவேண்டும், எழுதப்பட்டது உரியவரால் படிக்கப்படவேண்டும், படித்தவர் செயற்படவேண்டும். இம்மூன்றில் ஒன்று முறிந்தாலும் எஞ்சிய இரண்டும் பயன்தாரா.

வகுப்பறையில் இப்பொருளை எடுத்தாளும் ஆசிரியர்கள், மாணவர்கள் நாள்தோறும் கடக்கும் ஒரு பாலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அது எந்த ஆண்டு கட்டப்பட்டது, எதனால் ஆனது, மழைநீர் எவ்வழியே வடிகிறது, அதனைச் சோதிக்கும் பொறுப்பு எந்தத் துறையினுடையது என்பவற்றை மாணவர்கள் கேட்டறிந்து நல்ல தமிழில் எழுதட்டும். கட்டியவர்களைப் போற்றும் நாம், காப்பவர்களின் பணியையும் அதன்வழி அறிந்துகொள்வோம்.