முத்திரை என் கையில்

கணவனின் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. பச்சை முத்திரை குத்தி அனுப்பினேன். அடுத்து வருவது தன் மனைவி என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வந்தாள். பாஸ்போர்ட் இருக்கிறது, நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. கேட்டால், எவ்வளவு முயன்றும் கொடுக்க மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விதிப்படி சிவப்பு முத்திரைதான் குத்த வேண்டும். மீறிப் பச்சை குத்தினால், அவள் எல்லையைத் தாண்டிய சில நொடிகளில் என் மேஜை ஓரத்து அச்சு இயந்திரம் எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைத் தள்ளும். ஒரே நாளில் முதல் இரண்டு சீட்டுகளுக்கு மன்னிப்பு உண்டு. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம்.

இது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற வீடியோ கேமில் வரும் இடம். அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "அத்தை, உங்க பேங்க் வேலை மாதிரியேதான் இருக்கும், விளையாடிப் பாருங்க" என்று என் போனில் ஏற்றிக் கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கும்பகோணத்தில் வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவள் நான். ஆதாரையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டு, கையெழுத்தைச் சரிபார்த்து, சீல் குத்துவதுதான் பிழைப்பு. அந்த வேலையையே ஒருவர் கேமாகச் செய்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்தச் சில மாதங்களில் நான் விளையாடியவை மூன்று கேம்கள், மனதில் தங்கிய படங்கள் இரண்டு. ஐந்தையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: இது என்னிடம் ஏதாவது வேலையை விட்டுவைக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் தானே ஊட்டிவிடுகிறதா?

எல்லைச் சாவடியில்

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2013-ல் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒருவர் தனியாளாகச் செய்தது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஆய்வாளர். கதை 1982 நவம்பரில் தொடங்குகிறது. வரிசை நீண்டு கிடக்கும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதா, படத்தில் இருக்கும் முகம் இதுதானா, அனுமதிச் சீட்டில் உள்ள எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவரைச் சரியாகப் பரிசோதித்தால் 5 கிரெடிட் கூலி. தினமும் காலையில் புதிய விதி ஒன்று வரும். இரவில் அந்தக் கூலியிலிருந்து வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, நோயாளிக்கு மருந்து. மனைவி, மகன், மாமியார், மாமா என வீட்டில் நான்கு பேர் நம்மை நம்பி இருக்கிறார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் கைரேகை. முகமும் படமும் ஒத்துப்போகாவிட்டால் வந்தவரிடம் ரேகை எடுத்து, பதிவில் உள்ளதோடு ஒப்பிடலாம். நவம்பர் மாதம் எங்கள் கிளைக்கு ஓய்வூதியக்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார்கள். காலமெல்லாம் வேலை செய்து தேய்ந்த விரல்களை மெஷின் ஏற்காது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்வோம், வேறு விரலை வைக்கச் சொல்வோம். ஆள் எதிரில் நிற்பார், அவர்தான் அவர் என்று எனக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தத் தவிப்பை எந்தப் படமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. படமாக இருந்தால் அந்த மனைவிக்காகக் கண்கலங்கியிருப்பேன், திருப்பி அனுப்பும் அதிகாரியைத் திட்டியிருப்பேன். இங்கே அதிகாரியே நான்.

அவளுக்குப் பச்சை குத்தினேன். அதற்குப் பிறகு வந்த சிலருக்கு, என் வீட்டில் மருந்துக்குக் காசில்லாத நாட்களில், சிவப்பு குத்தினேன். இருபது விதமான முடிவுகள் இந்தக் கேமில் இருக்கின்றன. எந்த முடிவுக்கு வந்தாலும் அது நாம் குத்திய முத்திரைகளின் பலன்தான். குறை சொல்வதென்றால், போன் திரையில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருக்கின்றன. கண்ணாடி போடுகிறவர்கள் கணினியில் விளையாடுவது நல்லது.

இசை இல்லாத பயணம்

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' 2024-ல் பெர்லின் பட விழாவில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனதால் நான் பிந்தித்தான் பார்த்தேன். மதுரைப் பக்கத்துக் கிராமம். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய குடும்பம், சாமியாடி ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போகிறது. ஆட்டோவில் பெண்கள், பின்னால் மோட்டார் சைக்கிள்களில் ஆண்கள், கூடவே ஒரு சேவல். மீனாவைக் கட்டிக்கொள்ள வேண்டியவன் பாண்டி. தொண்டை கட்டிப்போய்க் கரகரத்த குரலிலேயே படம் முழுக்கப் பேசுகிறான். சூரியை இப்படி ஒரு பாத்திரத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. மீனாவாக வரும் அன்னா பென் வாய் திறப்பதே அபூர்வம்.

படத்தில் பின்னணி இசை கிடையாது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நம் படங்களில் வயலின் எழும்போது அழ வேண்டும், மேளம் அதிரும்போது கை தட்ட வேண்டும் என்று பழகிவிட்டோம். இங்கே அந்தக் கைகாட்டி இல்லை. ஆட்டோ இன்ஜின் சத்தமும் காற்றும் பெரியவர்களின் பேச்சும் மட்டுமே. மீனா என்ன நினைக்கிறாள் என்பதை அவள் முகத்தைப் பார்த்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓரிடத்தில் வழியை மறித்துக் காளை ஒன்று நிற்கிறது. ஆம்பிளைகள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, சின்னப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு விளக்கம் சொல்லும் வசனம் இல்லை. தேவையும் இல்லை.

கடைசியில் பாண்டி ஒன்றைப் பார்க்கிறான், அதோடு படம் நின்றுவிடுகிறது. என்னோடு பார்த்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கோ 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாடிய பிறகு அந்த முடிவு துல்லியமாகப் புரிந்தது. இயக்குநர் முத்திரையை நம் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். பாண்டி திருந்துவானா என்று கேட்கிறவர், நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் என்ன செய்வோம் என்பதையும் யோசித்தே ஆக வேண்டும். சமீபத்தில் பார்த்த தமிழ்ப் படங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

அறுபது பேரின் கதி

லூகாஸ் போப்பின் அடுத்த கேம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்', 2018-ல் வெளியானது. லண்டனிலிருந்து கீழைநாடுகளுக்குப் புறப்பட்டுக் காணாமல்போன வணிகக் கப்பல், 1807-ல் உயிரோடு ஒருவரும் இல்லாமல் கரைக்குத் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் ஏறுகிறோம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எப்படிச் செத்தார், யார் கொன்றார், அல்லது எங்கே தப்பிப்போனார் என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும்.

கையில் ஒரு மாயக் கடிகாரம். எலும்புக்கூட்டின் அருகே அதைத் திறந்தால் முதலில் இருட்டில் குரல்கள் கேட்கும். பிறகு அந்த ஆள் செத்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். நாம் அதற்குள் நடந்துபோய்ச் சுற்றிப் பார்க்கலாம். யார் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் என்ன சீருடை, யார் காலில் என்ன செருப்பு, எந்தத் தூங்குகட்டிலில் எந்த எண் என்று ஒன்றுவிடாமல் கவனித்தால்தான் பெயர் கிடைக்கும். மூன்று பேரின் கதியைச் சரியாக எழுதினால் மட்டுமே கேம் அதை உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் எழுதித் தப்ப முடியாது.

மாலுமிகளில் இந்தியர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் வேலை செய்த நம்மவர்களைச் சரித்திரப் புத்தகங்களில் கூட்டமாகத்தான் படித்திருக்கிறேன். இங்கே ஒவ்வொருவருக்கும் முகமும் பெயரும் முடிவும் உண்டு. பெயர் எழுதப்படாமல் யாரும் விடுபடக் கூடாது என்ற அக்கறைதான் இந்தக் கேமின் மேன்மை. திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆனது. ஒரே குறை: சில துப்புகள் ஆங்கில உச்சரிப்பில் ஒளிந்திருக்கின்றன. ஐரிஷ்காரர் எப்படிப் பேசுவார், ஸ்காட்லாந்துக்காரர் எப்படிப் பேசுவார் என்று நம் காதுக்குப் பிடிபடுவது கஷ்டம்.

கழிப்பறையில் ஒரு காகிதம்

ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் ஜப்பானில் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்' 2023-ல் வந்தது. நாயகனாக நடித்த கோஜி யாகுஷோவுக்கு அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. ஹிராயாமா டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறவர். விடிகாலையில் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் தெளித்து, இயந்திரத்தில் காபி வாங்கி, வேனில் பழைய கேசட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மதியம் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, கிளைகளுக்கு நடுவே விழும் வெளிச்சத்தைப் படம் எடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைக்கூடச் சின்னக் கண்ணாடி பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார்.

ஒரு கழிப்பறைச் சுவரிடுக்கில் மடித்த காகிதம் கிடைக்கிறது. எக்ஸ், ஓ போட்டு விளையாடும் கட்டம். யாரோ முதல் குறியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் தன் குறியைப் போட்டு, இருந்த இடத்திலேயே செருகிவிட்டுப் போகிறார். மறுநாள் பதில் இருக்கிறது. எதிராளி யார் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விளையாட்டு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். முகம் தெரியாத ஒருவரோடு மரியாதையாகப் பேச அது வழி செய்கிறது.

இந்தப் படத்தின் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. அந்தக் கழிப்பறைகள் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. ஒன்று கண்ணாடிச் சுவரால் ஆனது, உள்ளே தாழிட்டால் மங்கிவிடும். எல்லாமே பளிச்சென்று இருக்கின்றன. ஹிராயாமாவுக்கு வசதியான தங்கை இருக்கிறாள். இந்த வாழ்க்கையை அவரே தேர்ந்தெடுத்தது போலத் தெரிகிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013-ல் சட்டம் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் இறந்த செய்தியைப் படிக்கும் நாட்டில் வாழ்கிறேன். வேலையின் அழகை மட்டும் காட்டி அதன் நாற்றத்தை விட்டுவிட்டது பெரிய விடுபடல். ஆனாலும் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கையை இவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்க்க வைத்ததற்கு நன்றி சொல்வேன்.

கறைபட்ட சமையல் புத்தகம்

கடைசியாக 'வெண்பா'. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும். அங்கே வளரும் மகன் கவின். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் புத்தகத்தில் பல இடங்கள் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றன. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை எப்போது போடுவது என்று நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது.

தவறாகச் சமைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது, திரும்பச் செய்யலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தும்விடும். இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கலாம். ஆனால் பிற்பாதியில் அதே புத்தகம் கவின் கைக்கு வரும்போது கேமின் முழு பலமும் தெரிகிறது. அவனுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது. அந்த இடத்தில் அண்ணன் மகன் விளையாட்டை நிறுத்திவிட்டு, "அத்தை, பாட்டி எழுதின நோட்டு நம்ம வீட்ல இருக்கா?" என்றான். இருந்தது. அன்று சாயங்காலம் வத்தக்குழம்புப் பக்கத்தை இருவரும் சேர்ந்து வாசித்தோம். எலுமிச்சம்பழ அளவு புளி என்றால் எவ்வளவு என்று அவன் கையில் உருட்டிக் காட்டினேன்.

பெற்றோருக்கு

கேம் என்றாலே பயப்படும் பெற்றோரை நான் கவுன்ட்டரில் பார்க்கிறேன். பிள்ளை விளையாடும்போது கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று வந்து நிற்பார்கள். அவர்கள் பயம் நியாயமானது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. நான் சொன்ன மூன்றும் அந்த வகை அல்ல. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். நடுவில் பணம் கேட்காது. 'வெண்பா'வைக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடலாம். மற்ற இரண்டும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்.

படமென்றால் 'கொட்டுக்காளி'யிலிருந்தும், கேமென்றால் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'-இலிருந்தும் தொடங்குங்கள். வீட்டில் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் போனைப் பிடுங்குவதற்கு முன் ஒருமுறை பக்கத்தில் போய் உட்காருங்கள். விளையாட்டில் இந்த முடிவை ஏன் எடுத்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் காரணத்தைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவனுக்கும் சொல்லுங்கள்.